முதல் நாள் வாழைக்குலை

புதிய ஆண்டின் முதல் கணக்கை ஏழாம் வகுப்புக்குக் கொடுத்தேன். வாழைக்குலையில் எட்டுச் சீப்பு, சீப்புக்குப் பன்னிரண்டு பழம், மொத்தம் எத்தனை? எல்லோரும் தொண்ணூற்றாறு என்று எழுதிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் எழுதாமல், யன்னலுக்கு வெளியே பனி மூடிய வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனவு காண்கிறாள் என்று எழுப்பி விடை கேட்டேன்.

“நூறு, ரீச்சர்.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

“அதெப்பிடி நூறு?”

“எல்லாச் சீப்பும் ஒரேயளவா இராது, ரீச்சர். மேல்சீப்பிலை பதினாறு இருக்கும். கீழை வர வர ஒவ்வொண்டாக் குறையும்.”

கரும்பலகையில் கூட்டிப் பார்த்தேன். நூறுதான். வெளியே பனிக்குள் குலைகள் மெல்ல அசைந்தன. நான் சிரித்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. இத்தனை வருடமாக நான் கணக்கில் எழுதிவந்த குலை எந்த வாழையிலும் காய்த்ததில்லை.