மாதாவின் காலடியில் முதலை

தொண்ணூறுகளில், ஊரை விட்டு வெளிநாடு வந்து மனுரேவாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த சின்ன வீட்டில் உயரமான, மரியாதையான இடம் ஒன்றே ஒன்றுதான்: டிவியின் தலை. அதனால் பின்னல் துணி விரித்து மாதா சுரூபத்தை அதன்மேல் வைத்திருந்தோம். வீடு வீடாகப் போய்ச் செபமாலை சொல்லும் எங்கள் கூட்டம் வந்தால், எல்லாரும் டிவியைப் பார்த்துத்தான் முழங்காலில் நிற்க வேண்டும்.

ஒரு ஞாயிறு மாலை அவர்கள் வந்தபோது டிவியில் ஆப்பிரிக்கா ஓடிக்கொண்டிருந்தது. மாட்டுக்கும் குதிரைக்கும் பிறந்தது போன்ற மிருகங்கள் கூட்டமாக ஆற்றைக் கடந்தன. ஒரு கன்று தாயைத் தவறவிட்டு நடு ஆற்றில். பின்னால் முதலை. நான் டிவியை அணைக்கப் போனேன்.

"டாட், ப்ளீஸ்! நொட் நவ்!" என்று மகள் அழுதாள். சத்தத்தை மட்டும் நிறுத்தினேன்.

செபத்தை நடத்தும் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டே சொல்பவர். அவருக்கு ஆப்பிரிக்கா தெரியாது. மற்றவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. முதலை நெருங்க நெருங்க, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று வீடே அதிர்ந்தது. அப்படியொரு பக்தியை எங்கள் கூட்டத்தில் நான் கண்டதேயில்லை. மாஸ்டரின் முகம் மலர்ந்தது.

"அக்கரையில சிங்கமும் நிக்குது. எங்கட அகதிக் கேஸில வாற ரெண்டாவது இன்டர்வியூ போல," என்றார் பக்கத்தில் நின்ற மன்னார் அண்ணை.

"கதையாமல் செபியுங்கோ அண்ணை. அதுக்கு முதல்ல விசா கிடைக்கட்டும்," என்றாள் என் மனைவி, மணியை உருட்டிக்கொண்டே.

"ஐயோ, காலைப் பிடிச்சிட்டுது!" என்று ஒரு அக்கா கத்த, மாஸ்டர் கண்ணைத் திறந்தார்.

"மாதாவிட காலுக்குக் கீழ என்ன கூத்து இது?"

எழுந்து டிவியை அணைத்துவிட்டார்.

மிச்சச் செபமாலை செத்த வீடு போல நடந்தது. முடிவில் அவரவர் மன்றாட்டு. வழக்கமாக வீட்டு மோட்கேஜும் முதுகுவலியும்தான் வரும். அன்று அண்ணை தொடங்கினார்: "தண்ணியில தத்தளிக்கிற எல்லாருக்காகவும்."

"தாயைப் பிரிஞ்ச பிள்ளையளுக்காக," என்றார் அக்கா.

"ஃபோர் தி பேபி," என்றாள் மகள், விக்கி விக்கி.

சண்டைக்குள் உயிர் தப்பக் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து வந்தவர் மாஸ்டர். என் பக்கம் திரும்பினார்.

"டிவியைப் போடும், பாப்பம்."

ஓடிப்போய்ப் போட்டேன். கார்பெட் மலிவு விற்பனை விளம்பரம்.

மகள் அவரையே பார்த்தாள். பொய் சொல்லக்கூடாது என்று ஞாயிறுதோறும் எங்களுக்குப் போதிக்கும் மாஸ்டர், அவள் தலையில் கை வைத்தார்.

"அது கடந்திட்டுது பிள்ளை. நான் என்ர கண்ணால கண்டனான்."

"ஆமென்," என்றோம் எல்லாரும்.