ஜெர்மன் இன்ஜினீயருக்கு நான் நடத்திய இங்கிலீஷ் வகுப்பு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக வாங்கிய பிரஸ் மெஷினை ஓட்டிக் காட்ட ஜெர்மனியிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்தார். எனக்கு இங்கிலீஷ் சரளமாக வரும் என்று முதலாளி என்னை அவரோடு நிறுத்திவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

வந்த அன்றே வேடிக்கைதான். 'த்ரீ' என்ற சொல் அவர் வாயில் 'ஸ்ரீ' என்று வந்தது. மூன்றாம் நம்பர் வால்வைத் திறக்கச் சொல்லி "நம்பர் ஸ்ரீ, நம்பர் ஸ்ரீ" என்று கத்தினார். எங்கள் ஃபிட்டர் அண்ணன், "யாரு தங்கச்சி அந்த ஸ்ரீ? நம்ம கம்பெனில அப்பிடி ஒருத்தரும் இல்லையே?" என்றார்.

மதியத்துக்குள் சிரிப்பு போய்விட்டது. ஸ்பேனர் கொடு, தப்பு, மறுபடி செய் என்று இங்கிலீஷில் வெடுக் வெடுக்கென்று அவர் பேசியதில் ஃபிட்டர் அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது.

"நாய வெரட்டுற மாதிரில்ல பேசுறாரு? நான் போறேன்" என்று டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் இல்லாமல் அந்த மெஷினை ஓட்டவே முடியாது.

தயங்கித் தயங்கி இன்ஜினீயரிடம் விஷயத்தைச் சொன்னேன். பதறிப்போனார். அவர் ஊரில் வேலை இடத்தில் அப்படிச் சுருக்கமாகத்தான் பேசுவார்களாம். எப்படிப் பேச வேண்டும் என்று என்னையே சொல்லித்தரச் சொன்னார்.

கேன்டீனில் வகுப்பு ஆரம்பமானது. நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவே வைத்து ஊதிக் காட்டினேன். அந்த ஆறடி மனிதர் டீ டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு ஊது ஊதென்று ஊதினார். பத்தாவது தடவை 'த்ரீ' வந்ததும் கேன்டீனே கை தட்டியது! 'கிவ் மீ' என்பதை விட்டுவிட்டு, 'கொஞ்சம் முடியுமா' என்று கேட்கிற 'குட் யூ ப்ளீஸ்' போட்டு ஆரம்பிக்கச் சொன்னேன். அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, பஸ்ஸுக்கு நின்ற ஃபிட்டரிடம் ஓடினார்.

"அண்ணே, குட் யூ ப்ளீஸ் ஹெல்ப் மீ?"

அந்த 'அண்ணே' நான் சொல்லித்தராதது. ஃபிட்டர் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, வாரேன் சார்."

மறுநாள் சோதனை ஓட்டம். பார்த்துச் சரிசெய்வதற்காக மெஷினின் தடுப்புக் கதவைக் கழற்றியிருந்தார்கள். மேல் தட்டு இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒட்டியிருந்த ரப்பர் துணுக்கை எடுக்க, ஃபிட்டர் அண்ணன் சட்டென்று கையை நீட்டிவிட்டார்.

"அண்ணே, குட் யூ..." என்று தொடங்கினார் இன்ஜினீயர். அடுத்த நொடியே, "நோ! ஹேண்ட் அவுட்!" என்று ஷெட் அதிரக் கத்தியபடி சிவப்புப் பொத்தானில் ஓங்கி அடித்தார். கை வெளியே வரவும் தட்டு நிற்கவும் சரியாக இருந்தது.

ஃபிட்டர் அண்ணன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு இன்ஜினீயரை இறுகக் கட்டிக்கொண்டார். "இப்பிடியே அதட்டுங்க சார், எம்புட்டு வேணும்னாலும் அதட்டுங்க!"

இப்போது மாலை வேளைகளில் சிலருக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். மரியாதையான வாக்கியங்களை எழுதிப்போட்ட பிறகு, எந்த நேரத்தில் அவற்றை விட்டுவிட்டுக் கத்த வேண்டும் என்பதையும் சொல்லாமல் நான் வகுப்பை முடிப்பதில்லை.