பதினோரு மணிக்குத் தீ வைக்கப்படும்

போன வாரம் வாட்ஸப்பில் எனக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. மஞ்சளும் சிவப்புமாக ஜோராக டிசைன் செய்திருந்தார்கள். ‘இயற்கையைக் காக்கும் இனிய தீ – நேரடிக் காட்சி! ஞாயிறு காலை பதினோரு மணி. குடும்பத்துடன் வாரீர்!’ என்று போட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் என் பெயர்.

நான் வைக்கப்போகும் தீக்கு எனக்கே அழைப்பு!

பதறாதீர்கள். தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் தொழிலே தீ வைப்பதுதான். முப்பது வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் முறைப்படி – வனத்துறைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான்.

குற்றாலத்து மலையடிவாரத் தோப்புகளுக்குத் தீத்தடுப்புக் கோடு போட்டுக் கொடுப்பது என் வேலை. மழையில் ஆளுயரம் வளர்ந்த புல், தை மாசியில் காய்ந்து மொறுமொறுவென்று நிற்கும். அதற்கப்புறம் ஒரு பீடித் துண்டு போதும், மலையே எரியும். அதற்கு முன்னால் நாங்கள் போய், பதினைந்தடி அகலத்துக்கு ஒரு பட்டையைப் பிரித்து, இரண்டு ஓரமும் தரை தெரியச் செதுக்கி, நடுவில் நிற்கிற புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிடுவோம். பிறகு பெரிய தீயே வந்தாலும், அந்தக் கறுத்த பட்டைக்கு வந்ததும் தின்ன ஒன்றுமில்லாமல் படுத்துவிடும்.

இதை எப்போது செய்ய வேண்டும்? விடியும்போது. புல்லில் பனி ஈரம் இருக்கும், காற்று எழுந்திருக்காது. தீயும் பாதித் தூக்கத்தில் இருக்கும், சொன்ன பேச்சைக் கேட்கும். ஒன்பது மணிக்கு மேல் பந்தத்தைக் கையில் எடுப்பவன் ஒன்று புதியவன், இல்லையென்றால் கிறுக்கன்.

பிறகு எப்படிப் பதினோரு மணி?

அங்கேதான் ரிசார்ட் முதலாளி வருகிறார். ஐந்தருவிக்குப் போகிற வழியில், சரிவில் இருக்கிறது அவருடைய ரிசார்ட். ஆள் சென்னைக்காரர். இயற்கையின் மேல் ரொம்பப் பிரியம் – அதனால்தான் அதை வெட்டி நடுவில் நீச்சல்குளம் கட்டியிருக்கிறார். சீசனில் அவருக்குக் கவலை இல்லை, அருவி பார்த்துக்கொள்ளும். மாசி மாதத்தில்? அருவியில் பாறையும் குரங்கும்தான் இருக்கும். வருகிற கெஸ்டுக்கு எதைக் காட்டுவது?

“சார், தண்ணி இருக்கும்போது தண்ணிய காட்டுறோம். இல்லாதப்போ நெருப்ப காட்டலாமே! யாரும் பண்ணாத கான்செப்ட்” என்றார், கண்கள் மின்ன. கான்செப்ட்! முப்பது வருடம் செய்த வேலைக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கோடு போடச் சொல்லி அவரிடம் நான் நடையாக நடந்தது அவருக்காக அல்ல, மைக்கேலுக்காக. ரிசார்ட்டுக்கு மேற்கே, மேட்டில், மைக்கேலின் எலுமிச்சைத் தோப்பு. சவுதியில் பதினோரு வருடம் வெயிலில் வெந்துவிட்டு வந்து, அவர் கையாலேயே நட்ட மரங்கள். நடுவில் ஒரு வருடம் கிணறு வற்றி, பைக்கில் குடம் கட்டி, தண்ணீர் கொண்டுவந்து காப்பாற்றினார். ஐந்தாவது வருடமான இந்த வருடம்தான் முதல் முறையாகக் கொப்பு வளையக் காய்த்திருக்கிறது. தோப்புக்கும் ரிசார்ட்டுக்கும் நடுவில் முழுக்கக் காய்ந்த புல். அந்தப் புல் முதலாளியுடையது.

“அண்ணாச்சி, தெனமும் சாயங்காலம் கேம்ப் ஃபயர்னு அங்கன கட்டையப் போட்டு எரிக்காவ. பொறி பறக்குது. எனக்குச் சோறு எறங்க மாட்டுக்கு. எப்படியாவது சொல்லி ஒரு கோடு போட்டுக் குடுங்க” என்று மைக்கேல் என்னிடம் வந்து நின்றபோது, மறுக்க மனசு வரவில்லை. மூன்று மாதம் அலைந்து முதலாளியைச் சம்மதிக்க வைத்தேன். அவர் சம்மதித்த லட்சணம்தான் அந்த அழைப்பிதழ்.

அழைப்பிதழில் என்ன போட்டிருந்தால் என்ன, விடியும்போதே முடித்துவிடலாம் என்று ஞாயிறு காலை ஆறு மணிக்கே என் ஆட்களோடு போய் நின்றேன். மொத்தம் எட்டுப் பேர். எல்லாருக்கும் மேஸ்திரி பேச்சியம்மாள். நாற்பத்தைந்து வயது. தீயைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அவளுக்குத் தெரிந்தது ஜாஸ்தி. இதை அவளிடம் சொன்னதில்லை, இங்கேதான் முதல் முறை எழுதுகிறேன். முந்தைய நாளே ஓரமெல்லாம் செதுக்கித் தயாராக வைத்திருந்தோம். பனி இருந்தது. காற்று இல்லை. ஒன்றரை மணி நேர வேலை.

“சார், வெயிட். சீஃப் கெஸ்ட் வரணும்” என்றார் முதலாளி.

சீஃப் கெஸ்ட் யார்? ரீல்ஸ் போட்டுப் பிரபலமான ஓர் இளம்பெண். அவர் ரூமில்தான் இருந்தார். ஆனால் ஆறு மணிக்கு லைட் பத்தாதாம். முகம் டல்லாகத் தெரியுமாம். சூரியன் கொஞ்சம் மேலே வரட்டும் என்று சொல்லி அனுப்பினார். சூரியனும் வந்தது. ஏழு... எட்டு... ஒன்பதரை. பனி காய்ந்தது. கெஸ்ட்கள் பொங்கல் வடை முடித்து, ஆளுக்கொரு காப்பி டம்ளருடன் வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தார்கள். ஷாமியானா, மைக் செட், குத்துவிளக்கு எல்லாம் இருந்தன. காட்டுத் தீயைத் தடுக்கும் விழாவில், காய்ந்த புல்லுக்குப் பத்தடி தள்ளிக் குத்துவிளக்கு!

பத்தே முக்காலுக்குப் பேச்சியம்மாள் மடியிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தாள். அது அவளுடைய வழக்கம். பந்தம் கொளுத்துவதற்கு முன்னால் ஒரு சிட்டிகை திருநீற்றைத் தலைக்கு மேல் தூக்கி விடுவாள். அது நேராகக் கீழே விழுந்தால் வேலை தொடங்கலாம். மைக்கேல் கிறிஸ்தவர்தான், ஆனாலும் அந்தத் திருநீறு எங்கே விழுகிறது என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருநீறு கீழே விழவே இல்லை. மேற்கே, மேட்டைப் பார்த்து, அப்படியே போய்விட்டது.

“காத்து ஏறுது அண்ணாச்சி. நேரா மைக்கேல் தோப்பப் பாத்துப் போவுது. இன்னைக்கு வேண்டாம், நாளைக்கு விடியமுன்ன வந்து முடிச்சிருவோம்” என்றாள்.

முதலாளி செல்போனை நீட்டினார். “விண்ட் ஸ்பீட் ரொம்ப லோ-ன்னு ஆப்ல காட்டுதும்மா.”

“போன்ல அடிக்க காத்து இங்கன அடிக்காது சார்” என்றாள் பேச்சி.

“நாளைக்கு கெஸ்ட் எல்லாம் செக்-அவுட் பண்ணிடுவாங்களே! யாருக்குக் காட்டுறது?” என்று என்னைப் பார்த்தார் முதலாளி.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? ‘முடியாது சார்’ என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ‘தென் மாவட்டத்தின் தலைசிறந்த தீ நிபுணர்’ என்றார்கள். சீஃப் கெஸ்ட் வந்து, எனக்குச் சரிகை போட்ட பொன்னாடை ஒன்றைப் போர்த்தினார். கெஸ்ட்கள் கை தட்டினார்கள்.

முப்பது வருடத்தில் எனக்கு எவனும் ஒரு துண்டுகூடப் போட்டதில்லை, வாசகர்களே! தோளில் பொன்னாடை விழுந்த பிறகு ‘முடியாது’ என்று சொல்லக்கூடிய தமிழன் இன்னும் பிறக்கவில்லை. நம் ஊரில் பாதிக் காரியங்கள் கெட்டுப்போவது லஞ்சத்தால் என்கிறார்கள். எனக்கென்னவோ, மீதிப் பாதி பொன்னாடையால் என்று தோன்றுகிறது.

“போட்டோவுக்கு ஒரு மூலையில மட்டும் பத்த வச்சு உடனே அணைச்சிரலாம், பேச்சி” என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நான் வைக்க மாட்டேன். வைக்கணும்னா நீங்களே வைங்க” என்று பந்தத்தை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து, ஆட்களை மேட்டுப் பக்கம் போய் நிற்கச் சொன்னாள்.

வைத்தேன். நானும் சீஃப் கெஸ்டும் சேர்ந்து பந்தத்தைப் பிடித்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி வைத்தோம். ரீலில் நான் நன்றாகவே இருக்கிறேன் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

தீ இறக்கத்தில் நடக்கும், மேட்டில் ஓடும். இதை எத்தனை பேருக்கு வகுப்பெடுத்திருப்பேன்! அன்றைக்கு அது ஓடியது. செதுக்கிப் போட்ட ஓரத்தை ஒரே தாவில் தாண்டியது. பின்னால் நாற்காலிகளிலிருந்து பலத்த கைதட்டல். எல்லாம் நிகழ்ச்சி நிரலில் இருப்பது என்றே அவர்கள் நினைத்தார்கள். ஒருவர் ‘ஒன்ஸ்மோர்’ கூடக் கேட்டார். நான் பொன்னாடையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். பாலியெஸ்டர், அது பற்றினால் என்னோடுதான் அணையும்.

மைக்கேல் முதுகில் மருந்தடிக்கிற டேங்கோடு தோப்புக்குள் ஓடிக்கொண்டிருந்தார். ஈரம் காயாமல் இருக்க ஒவ்வொரு மரத்தடியிலும் சருகை மூடாக்காகப் போட்டிருந்தார் மனிதர். அத்தனை அக்கறையும் இப்போது தீக்குத் தீனி. “மாதாவே, மாதாவே” என்று அவர் கத்தினது இன்னும் என் காதில் இருக்கிறது.

“ஏலே, மூட்டுல கெடக்க சருக வாருங்கலே! மரத்த விடு, சருக வாரு!” என்று ஆட்களை ஏவிவிட்டு, பேச்சி இன்னொரு பந்தத்தைக் கொளுத்தினாள். தோப்பின் கீழ் ஓரத்தில் நீளமாகப் புல்லில் வைத்துக்கொண்டே நடந்தாள். வைக்க மாட்டேன் என்ற அதே கை. அவள் வைத்த எதிர்த்தீ மெதுவாக இறங்கி வந்து, நான் வைத்த தீயின் வழியில் இருந்த புல்லைத் தின்று முடித்தது. இரண்டும் முட்டிக்கொண்டு, புகையாகி, அடங்கின. மிச்சமிருந்த பொறிகளைப் பச்சைக் கொப்பால் அடித்து அணைத்தோம்.

தோப்பு பிழைத்தது. ஆனால் பேச்சியின் தீ எட்டாத ஒரு மூலையில் எட்டு மரங்கள் போய்விட்டன. இலையெல்லாம் சுருண்டு, காயெல்லாம் வெந்து, கொப்பிலேயே தொங்கின. தோப்பு முழுக்க எலுமிச்சை ஊறுகாய் வாசனை. வெட்கத்தில் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ரிசார்ட்டில் தங்கிய ஒருவர் ரிவ்யூ போட்டிருக்கிறார். மூன்று ஸ்டார். ‘ஃபயர் ஷோ சூப்பர், ஆனால் புகை அதிகம். சீட்டிங்கை மாற்றி அமைக்கலாம்.’

மறுநாள் விடியும்போது மறுபடி போனோம். பட்டையின் தெற்குக் கோடியில் எரியாமல் மிச்சம் இருந்த புல்லை எரித்தோம். பேச்சி திருநீற்றை விட்டாள், அது நேராகக் காலடியில் விழுந்தது. முழங்கால் உயரத்துக்குத் தீ, சொன்ன இடத்தில் நின்றது, சொன்ன இடத்தில் படுத்தது. ஷாமியானா இல்லை, மைக் இல்லை. மேல்மாடியில் பல் தேய்த்துக்கொண்டு நின்ற ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போரடித்து உள்ளே போய்விட்டார். ஒழுங்காக நடக்கிற வேலையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? கெட்டுப்போனால்தானே கூட்டம் சேர்கிறது. வேலை முடிந்ததும் பேச்சி எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தாள். எனக்குக் கடைசியாக.

அப்புறம்தான் தைரியம் வந்து மைக்கேலைப் பார்க்கப் போனேன். கருகின கொப்புகளை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்.

“தப்பு என்னோடதுதான் மைக்கேல்” என்றேன்.

“ஆமா அண்ணாச்சி” என்றார். சும்மா மரியாதைக்குக்கூட மறுக்கவில்லை. அடுத்த கொப்புக்கு நகர்ந்து, “ரெண்டு மரம் தளிர் விடும்னு நெனைக்கேன். மத்த ஆறும் போச்சு” என்றார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, “அடுத்த வருசமும் கோடு போடணும்லா?” என்று கேட்டார். எனக்கு உயிர் வந்தது. மன்னித்துவிட்டார்!

“கண்டிப்பா மைக்கேல்! நானே முன்னால நின்னு...”

“நீங்க வேண்டாம் அண்ணாச்சி. பேச்சியக்கா மட்டும் வரட்டும். நீங்க வீட்டுல உக்காந்து எதாவது எழுதிக்கிட்டு இருங்க.”

எழுதிக்கொண்டிருக்கிறேன்.