வேருக்கு முன் பூத்த பிகோனியா

எக்ஸ்ரே அறையில் அவள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வது ஒன்றுதான்: "மூச்சைப் பிடிங்க. அசையாதீங்க." படம் எடுத்தபின், "இப்ப மூச்சு விடுங்க." பதினெட்டு வருடமாக ஊரார் எலும்பையெல்லாம் பார்த்துப் பழகியவளுக்கு, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் இருக்கவே முடியாது. அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தைக்கூட நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து பார்ப்பாள்.

வீட்டிலிருந்த பிகோனியா பூச்செடி அவளுடையதல்ல, நாத்தனாருடையது. வேலை மாற்றலாகி வேறு ஊர் போனபோது, ஐந்து வருடம் வளர்த்த செடியைத் தொட்டியோடு அண்ணியான இவளிடம் ஒப்படைத்து, அடுத்த வருடம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனாள். அண்ணி தன் பாசத்தையெல்லாம் தண்ணீராகக் கொட்டினாள். செடி அடியோடு அழுகியது. தப்பியது ஒரே ஒரு கிளை. அதை வெட்டி, இருமல் மருந்து பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். செடி எப்படி இருக்கிறது என்று நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் கேட்டபோதெல்லாம், அது நன்றாக இருந்த காலத்துப் படம் ஒன்றையே கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி அனுப்பிச் சமாளித்தாள்.

தினமும் காலையில் கிளையை உருவி, வேர் வந்துவிட்டதா என்று பார்ப்பாள். எட்டிப் பார்க்கும் பிஞ்சு வேர் பாட்டிலின் கழுத்தில் உரசி ஒடிந்துபோகும்.

"ஊரையே அசையாதீங்கன்னு சொல்ற. அத மட்டும் ஏன் இந்தப் பாடு படுத்தற?" என்றார் கணவர்.

அன்றே அவள் கிளையை, வேர் வெளியிலிருந்தே தெரியும்படி ஒரு கண்ணாடி ஜாடிக்கு மாற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் வருகிறேன் என்று நாத்தனார் சொன்ன மறுநாள், கிளை நுனியில் இளஞ்சிவப்பு மொட்டுகள். வேரைக் காணோம், அதற்குள் பூவுக்கு அவசரம். கணவரும் மகளும் கொண்டாடினார்கள். அவளோ வேரைத் தேடி ஜாடியின் அடியைக் குனிந்து பார்த்தாள். பூ, இருக்கிற சத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். கிள்ளினால்தான் வேர் பிடிக்கும். தெரிந்தும் மனசு வராமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். மூன்றாம் நாள், கிளையிடம் அசையாதே என்று சொல்லிவிட்டு, தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நகத்தால் கிள்ளினாள். கிள்ளிய கொத்தை எறிய மனமில்லாமல் ஒரு கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிட்டாள்.

நாத்தனார் வந்திறங்கியபோது ஜாடிக்குள் விரல் நீளத்துக்கு வெள்ளை வேர்கள். மேலே மூன்றே இலை. வந்தவள் நேராக ஜன்னலுக்குத்தான் போனாள். அண்ணி யோசித்து வைத்திருந்த சாக்கெல்லாம் மறந்துபோயிற்று.

"எல்லாம் அழுகிப்போச்சும்மா. இதுதான் மிச்சம். உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

நாத்தனார் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கி வேர்களைப் பார்த்தாள்.

"தெரியும். நீங்க அனுப்பின நாலு படத்துலயும் ஜன்னல் கம்பியில அதே காக்கா, அதே பக்கம் பாத்து உக்காந்திருக்கு. தினமும் படம் எடுக்கறவங்க பண்ற வேலையா அண்ணி இது?"

"தெரிஞ்சுமா கேக்கல?"

"கேட்டா நீங்க கூச்சப்பட்டு ஃபோன எடுக்க மாட்டீங்க. செடி போனா போகுது. ஞாயித்துக்கிழம உங்ககிட்ட பேசலேன்னா எனக்கு அந்த ஊர்ல யாரு இருக்கா?"

நாத்தனார் ஜாடியை அண்ணியின் கையிலேயே வைத்தாள்.

"இன்னும் ஒரு வருஷம் இங்கயே இருக்கட்டும். இப்ப மூச்சு விடுங்க."