பவித்ராவுக்கு விட்ட வாசல்

சுவா சூ காங் வட்டாரத்தில் கண்மணியை யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஆனால் தயாரித்த நிறுவனமே கைகழுவிய ஒரு பழைய இணையத் தோட்ட விளையாட்டைப் பல ஊர்ப் பிள்ளைகள் இன்னும் சேர்ந்து ஆடுகிறார்கள் என்றால், அவள் எழுதிய சர்வர் மென்பொருள்தான் காரணம். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் சர்வரில் ஓட்டலாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தும் பார்க்கலாம். சம்பளம் கிடையாது, தலைவலி மட்டும் உண்டு.

செம்பவாங்கில் இருக்கும் தங்கை பவித்ராவுக்குக் கடவுச்சொல் மனத்தில் நிற்காது. "அக்கா, மறுபடியும் மறந்துட்டேன் லா" என்று எப்போது பார்த்தாலும் போன். தொல்லை தாங்காமல் கண்மணி தன் வீட்டு சர்வரில் மட்டும் ஒரு வரி சேர்த்தாள்: பவித்ரா என்ற பெயரில் வந்தால் கடவுச்சொல் கேட்காதே. போன வாரம் எல்லாருக்குமான புதிய பதிப்பை வெளியிட்டபோது அந்த வரியும் கூடவே போய்விட்டது. அவள் கவனிக்கவில்லை. வேறு யாரோ கவனித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை அக்காவும் தங்கையும் தேக்கா சந்தையில் பூ வாங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் தனியாக இருந்த மகள் சிவானி என்ன செய்கிறாள் என்று கண்மணி கைபேசியில் விளையாட்டைத் திறந்து பார்த்தாள். சிவானியின் தோட்டத்தில் பவித்ரா நின்றுகொண்டிருந்தாள்.

"நீ கேம்லயா இருக்க?"

"கையில பூவ வச்சுக்கிட்டு எப்படிக்கா?"

கண்மணி விளையாட்டின் அரட்டைப் பெட்டியைத் திறந்தாள். வீட்டில் யார், எந்த ப்ளாக், எத்தனையாவது மாடி என்று அந்தப் பவித்ரா ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தாள். சிவானியும் ஒன்று விடாமல் சொல்லியிருந்தாள். சித்திக்குத் தெரியாத வீடா என்று பிள்ளைக்குத் தோன்றவில்லை.

மகளை அழைத்தாள்.

"சித்தி வர்றேன்னாங்கம்மா. வீட்டுக் கேட்டத் திறந்து வச்சுட்டேன்."

"பூட்டு. இப்பவே பூட்டு. போன வைக்காத."

பூட்டு விழும் சத்தம் போனில் கேட்டது. பக்கத்தில் நின்ற பவித்ரா போலீசைக் கூப்பிட்டாள்.

டாக்சியில் வந்து சேர்ந்தபோது வாசலில் போலீஸ்காரர்களைத் தவிர யாரும் இல்லை. கண்மணி மகளைக் கட்டிக்கொண்டாள். ஆனால் இன்னும் எத்தனையோ சர்வர்களில் அந்த வாசல் திறந்தே கிடந்தது. வெளியே சொன்னால் ஊரே காறித் துப்பும். சொல்லாவிட்டால் மற்ற பிள்ளைகளின் கதி? மென்பொருளின் இணையப் பக்கத்தில் தன் பெயரிலேயே எழுதினாள்: தப்பு என்னுடையது. சர்வரை உடனே நிறுத்துங்கள். பவித்ரா என்ற பெயரில் யார் வந்தாலும் நம்பாதீர்கள்.

முதல் பதில், முகம் தெரியாத ஒரு தாயிடமிருந்து வந்தது.

‘என் மகள் அந்தப் பவித்ராவைப் பார்க்கத்தான் இப்போது வெளியே போயிருக்கிறாள்.’