சமைக்க விடாத ஆற்றங்கரை வீடு

கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் என் கணவர் முரளி என் கையால் ஒரு வேளைச் சோறுகூடச் சாப்பிட்டதில்லை. கெலமங்கலத்தில் மாமியார் வீட்டோடுதான் இருக்கிறோம். அத்தை நல்லவர், அதுதான் பிரச்சினையே. "நீ கம்பெனில நின்னு வேலை பாத்துட்டு வர்ற புள்ள, உனக்கெதுக்கு அடுப்படி?" என்று கரண்டியை வாங்கி வைத்துக்கொள்வார். எனக்கோ ஓசூரில் கம்பெனிக்குப் பக்கமாக வீடு பார்த்துத் தனிக்குடித்தனம் போக ஆசை. சொல்லும்போதெல்லாம் முரளி சிரிப்பார். "வெந்நீர் வெக்கத் தெரியுமா உனக்கு? ரெண்டு நாள் சமைச்சுக் காட்டு, அப்பறம் வீடு பாக்கலாம்." எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

இங்கிலாந்தில் ஆற்றோரக் கிராமங்களில் சின்ன வீடாக எடுத்து, தாங்களே சமைத்துக்கொண்டு விடுமுறை கழிக்கிறார்களே, அதைப் போனில் பார்த்திருக்கிறேன். நம் பக்கம் அப்படி ஏதாவது உண்டா என்று தேடியதில், நாட்றாம்பாளையத்தைத் தாண்டிக் காவிரிக்கரையில் ஒன்று அகப்பட்டது. ஒரு படுக்கையறை, கேஸ் அடுப்போடு சமையலறை, பாத்திரங்கள். ஒரு நாளைக்கு 1,800 ரூபாய். 'நீங்களே சமைத்துக்கொள்ளலாம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் பணம் கட்டினேன்.

பொங்கல் கழிந்த அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பைக்கில் கிளம்பினோம். தேன்கனிக்கோட்டையில் டீ, அஞ்செட்டியில் பெட்ரோல். அதற்கப்புறம் காட்டு ரோடு, வளைவுக்கு மேல் வளைவு. வண்டி மீட்டரில் மொத்தம் 71 கிலோமீட்டர், போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆனது. என் மடியில் அரிசி, புளி, சிங்காரப்பேட்டையில் என் அம்மா அரைத்துக் கொடுத்த மிளகாய்த்தூள்.

வீட்டுக்காரர் ஜெயம்மா, நாற்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்துக் கொல்லையில்தான் அவர் குடியிருப்பு. தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். சாவி கொடுக்கும்போதே, "கை கழுவிட்டு வாங்க கண்ணு" என்றார். உள்ளே போனால் சமையல் மேடையில் ஆவி பறக்கும் ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். பசி வேறு. சாப்பிட்டோம், அருமையாக இருந்தது. இதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

சாயந்திரம் நான் அரிசி களைந்துகொண்டிருக்கும்போதே சோறும் அவரைக்காய்க் குழம்பும் தூக்குப்போசியில் வந்து இறங்கின. ஞாயிறு காலை விடிந்தும் விடியாமல் தோசை. அடுப்பைப் பற்றவைக்க எனக்கு இடைவெளியே இல்லை. முரளிக்குக் கொண்டாட்டம். "பரீட்சை எழுத வந்துட்டு அடுத்தவங்க பேப்பரக் குடுக்கறியா?" என்றார். ஞாயிறு மத்தியானத்தோடு கிளம்பவேண்டும். மிச்சம் இருந்தது ஒரே வேளை. அதையும் விட்டால், பிறகு தனி வீடு என்று நான் வாயே திறக்க முடியாது.

நேராக ஜெயம்மா வீட்டுக்குப் போனேன். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. மத்தியானம் நானே ஆக்கிக்கறேன்."

அவர் முகம் வாடிவிட்டது. "ஏங்கண்ணு, களி புடிக்கலியா? உப்பு பத்தலியா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா. நீங்கதானே சமைச்சுக்கலாம்னு போட்டிருக்கீங்க?"

"அது பெங்களூர்ல இருக்கற எம்பையன் போட்டது. அவனுக்கு என்னா தெரியும்? எங்கூட்டுக்கு வந்தவங்க தானே ஆக்கித் தின்னாங்கன்னா ஊரு காறித் துப்பாதா?"

தனி வீட்டு ஆசை, அத்தை, கரண்டி, முரளியின் சிரிப்பு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜெயம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அட பாவமே! அப்ப எனக்கும் சேத்து ஆக்கு. நானும் உங்கூட உக்காந்து சாப்பிட்டா ஊரு என்னா பேசும்? ஒண்ணும் பேசாது."

கரையில் பரிசல்காரரிடம் கெண்டை மீன் வாங்கினேன், கிலோ 240 ரூபாய். குழம்பு கொதிக்கும்போது ஜெயம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கரண்டியை எடுக்க இரண்டு தடவை எழுந்தார். "உக்காருங்கக்கா" என்று இரண்டு தடவையும் அதட்டினேன். சோறு கொஞ்சம் குழைந்தது. குழம்பு பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது.

முதல் வாய் வைத்ததும் ஜெயம்மா சொன்னார்: "புளி ஜாஸ்தி கண்ணு." எனக்கும் தெரிந்தது, பல் கூசியது. முரளியிடமிருந்து வழக்கமாக ஏதாவது கிண்டல் வரும், அன்று அதுவும் இல்லை. இன்னொரு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டார். தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பாத்திரம் தேய்க்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அங்கே கடை கிடையாது, மளிகையை அஞ்செட்டியிலேயே வாங்கிவிடுங்கள். போன் சிக்னல் ஆற்றங்கரைப் பாறை மேல் நின்றால்தான் கிடைக்கும். இருட்டுவதற்குள் காட்டு ரோட்டைத் தாண்டிவிடுங்கள், யானை நடமாட்டம் உண்டு. நீச்சல் தெரிந்தாலும் ஆழம் கேட்காமல் ஆற்றில் இறங்காதீர்கள். நிஜமாகவே சமைக்கத்தான் போகிறீர்கள் என்றால், முன்கூட்டியே பெங்களூர் மகனுக்குப் போன் செய்து ஜெயம்மாவையும் சாப்பிடக் கூப்பிட்டுவிடுங்கள். அது ஒன்றுதான் வழி. வீடு சுத்தம், ஆறு பத்தடியில், கொசு குறைவு.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். தேன்கனிக்கோட்டையில் கெலமங்கலம் ரோட்டில் திரும்பவேண்டிய வண்டி ஓசூர் ரோட்டில் ஏறியது.

"என்னங்க, நம்ம ரோடு அந்தப் பக்கம்."

"தெரியும். ஓசூர் மத்திகிரிகிட்ட, உங்கம்பெனிப் பக்கமா, ஒரு வீடு வாடகைக்கு இருக்குதாம், ஆத்துக்கிட்ட நின்னு பேசினேன். ஆறரைக்குள்ள வரச் சொன்னாங்க."

"குழம்புதான் புளிச்சுப் போச்சே?"

"புளி அளவு போகப் போக வந்துரும். வீடு இன்னிக்கு விட்டா போயிரும். கெட்டியா புடிச்சுக்கோ."