மறுநாள் என்ன செய்தீர்கள்?

அந்தப் பள்ளியில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வருகைப் பதிவேடு வைத்திருக்கும் எழுத்தர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் அவர் சீட்டு டீச்சர். சீட்டாடச் சொல்லித்தருகிற டீச்சரா என்று புதிதாக வந்த காவலாளி ஒருமுறை கேட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

விஷயம் இதுதான். அவர் அறிவியல் டீச்சர். பாடம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எல்லோருக்கும் உள்ளங்கை அகலத்தில் ஒரு காகிதச் சீட்டு கொடுப்பார். பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதுவார். பிள்ளைகள் பதில் எழுதி, வாசலில் உள்ள பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு ஓடிவிடலாம். பெயர் வேண்டாம், மதிப்பெண்ணும் கிடையாது. சாயங்காலம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அவற்றை மூன்று குவியலாகப் பிரிப்பார்: புரிந்தது, அரைகுறை, சுத்தமாகப் புரியவில்லை. எந்தக் குவியல் பெரிதோ அதைப் பொறுத்து மறுநாள் பாடம் மாறும். பரீட்சைத் தாளைத் திருத்தும்போதுதான் பிள்ளைக்குப் புரியவில்லை என்று கண்டுபிடிப்பது, பஸ் போன பிறகு கையைக் காட்டுகிற மாதிரி என்பார். அவர் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுபவர். அதனால் இந்த உவமை வீட்டுச் சரக்கு.

இணையத்தில் அவருடைய சீட்டு நூலகம் தொடங்கியதும் இந்தச் சீட்டுகளால்தான். ஒரு பயிற்சி வகுப்பில் பக்கத்தில் இருந்த டீச்சர் அந்தக் கேள்விகளைக் கேட்டார், இவர் போனில் அனுப்பினார். அவர் சொல்லிப் பத்துப் பேர் கேட்டார்கள், பிறகு நூறு பேர். போன் மூச்சுத் திணறியது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கொழுந்தன், "விடுங்க அண்ணி, எல்லாரும் எடுக்கவும் போடவும் ஒரே இடமா பண்ணிடலாம்" என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் இணையதளம் கட்டிக்கொடுத்தான். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பெட்டிகள். முதலில் கேள்வி. அடுத்து, பிள்ளைகள் எழுதிய பதில்கள், தப்பும் தவறுமாக அப்படியே. மூன்றாவது: மறுநாள் என்ன செய்தீர்கள்?

ஆசிரியர்கள் அள்ளிக் கொண்டுவந்து கொட்டினார்கள். மதிப்பெண் போடாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டும் பயனில்லை. வாத்தியார் கை சும்மா இருக்குமா? ஒருவர் ஒற்றைவரிக் கேள்விக்கு இரண்டு மதிப்பெண் போட்டு, அதில் கையெழுத்துக்கு அரை என்று பிரித்தும் தந்திருந்தார். டீச்சர் பொறுமையாக உட்கார்ந்து அழிப்பார். இரண்டு வருடத்தில் அறுநூற்று நாற்பது பதிவுகள் சேர்ந்தன. பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாத ஒருத்தி வந்து, "நீங்கதானே அந்தச் சீட்டு லைப்ரரி?" என்று கேட்ட அன்று அவர் இரண்டு ஸ்டாப் தள்ளித்தான் இறங்கினார். பெருமையில் எங்கே இறங்குவது என்றே மறந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் கல்வி அலுவலகம் கூப்பிட்டது. மேற்பார்வை அதிகாரி கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். நூலகத்தை எல்லாப் பள்ளிகளுக்கும் கொடுக்கத் தயார், ஆனால் மூன்றாவது பெட்டியை எடுத்துவிட வேண்டும் என்றார். காரணம் அவர் மேஜையிலேயே இருந்தது. உண்மையாக நிரப்பியவை எழுபது, எழுபதும் டீச்சர் எழுதியவை. மீதிப் பெட்டிகள் காலி, அல்லது ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய ஒரே வாக்கியம்: "மீண்டும் விளக்கப்பட்டது. மாணவர்கள் புரிந்துகொண்டனர்."

டீச்சர் அதற்கு ஒப்பவில்லை. கேள்விகள் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். முப்பது பிள்ளைகள் தப்பாக எழுதிய சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நாளைக் காலை என்ன செய்வது என்று விழிக்கிற ஆசிரியருக்குத்தான் அந்த மூன்றாவது பெட்டி. அது போனால் நூலகமும் போனது மாதிரிதான். ஒரு மாதம் அவகாசம் கேட்டார். முந்நூறு பெட்டிகளாவது நிரம்பட்டும் என்று அதிகாரி நாள் குறித்துக்கொண்டார்.

டீச்சர் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் கடிதம் எழுதினார். கிணற்றில் போட்ட கல். சக ஆசிரியரான கணக்கு வாத்தியாரைப் பிடித்துக் கேட்டபோது, "நாங்க நடத்தினா பிள்ளைங்களுக்குப் புரியும் டீச்சர். மறுநாள் அடுத்த பாடம்" என்று சொல்லிவிட்டு நழுவினார். பத்து நாள் போனது. சாப்பிட உட்கார்ந்த கொழுந்தனிடம் ஊரில் உள்ள வாத்தியார்களை எல்லாம் டீச்சர் ஒரு பிடி பிடித்தார். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"கோச்சுக்காதீங்க அண்ணி. உங்க எழுபதையும் உக்காந்து படிச்சேன். ஒண்ணுலகூட நீங்க தோக்கவே இல்ல. அதுக்குக் கீழ எவன் வந்து எனக்கு வரலைன்னு எழுதுவான்?"

டீச்சர் குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் டங்கென்று போட்டார். வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தவே இல்லை. அனுபவஸ்தர்.

கோபம் வந்ததற்குக் காரணம், கொழுந்தன் சொன்னது உண்மை. சென்ற வாரம் வகுப்பில் நடந்ததை டீச்சர் யாரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை. தண்ணீர் கொதிக்கும்போது வரும் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்பது கேள்வி. முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேர் காற்று என்று எழுதினார்கள். மறுநாள் படம் போட்டு விளக்கினார். இருபத்தொன்பது பேருக்கு அப்போதும் காற்றுதான். மூன்றாம் நாள் பொறுமை போய்க் குரலை உயர்த்திவிட்டார். அன்று முப்பத்தெட்டுச் சீட்டிலும் நீராவி! ஜெயித்துவிட்டோம் என்று அடுக்கும்போது ஒரு சீட்டில், மூன்றாவது வரிசைப் பெண்ணின் குண்டு எழுத்தில், இப்படி இருந்தது: "டீச்சர் சொன்னதால் நீராவி. எனக்கென்னவோ காற்றுதான்."

கொழுந்தன் அப்படிச் சொன்ன அன்று இரவே எல்லாவற்றையும் பதிவில் எழுதினார். குரலை உயர்த்தியதையும் விடவில்லை. அந்தச் சீட்டைப் படமெடுத்துப் போட்டார். மறுநாள் என்ன செய்தீர்கள் என்ற பெட்டியில், "தெரியவில்லை. தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கிறேன். யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்" என்று எழுதி அனுப்பினார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். மானம் போனதாகவே நினைத்தார்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. எங்கோ ஒரு பள்ளியின் டீச்சர், என் வகுப்பிலும் இதே கதைதான், வெளியே சொல்ல வெட்கப்பட்டு மூன்று வருடம் மூடி மறைத்தேன் என்று ஆரம்பித்திருந்தார். சிறிய வாய் உள்ள கண்ணாடிக் குடுவையில் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கியதும் வாயில் ஒரு பலூனை மாட்டுங்கள், ஆறும்வரை பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள் என்று எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு பெட்டிகள் நிரம்ப ஆரம்பித்தன. வரைபடத்தில் வடக்கைக் குழப்பியவர், செய்யுளை மூன்று முறை நடத்தியும் கோட்டைவிட்டவர் என்று எழுதத் தொடங்கினார்கள். ஒருநாள் காலை கணக்கு வாத்தியாரின் பதிவும் வந்திருந்தது. "அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்கிறார்கள். பதினெட்டு வருடமாக என்கிறார்கள். நான் மறுநாள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறேன்." அதைப் படித்துவிட்டு டீச்சர் சிரிக்கவில்லை. ஆசிரியர் அறையில் எழுந்துபோய் அவருக்கு ஒரு டீ வாங்கி வைத்தார். அவரும் எடுத்துக் குடித்தார்.

குறித்த நாளில் அலுவலகத்துக்குப் போனபோது எண்ணிக்கை இருநூற்றுப் பதினாலு. முந்நூறுக்கு எண்பத்தாறு குறைவு. கெஞ்ச வேண்டியதுதான் என்று டீச்சர் வழியெல்லாம் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போயிருந்தார். அதிகாரி எண்ணிக்கையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குமிழிப் பதிவைத் திறந்து கடைசிவரை படித்தார்.

"அந்தப் பொண்ணு அப்புறம் என்ன எழுதினா?" என்றார்.

அதை டீச்சர் இன்னும் பதிவில் ஏற்றியிருக்கவில்லை. சிறிய வாய்க் குடுவை கிடைக்கத் தாமதமாகி, பலூன் சோதனை முந்தைய நாள்தான் நடந்தது. குடுவை ஆற ஆற, யாரோ உள்ளேயிருந்து இழுப்பதுபோல் பலூன் குடுவைக்குள் போயிற்று. உள்ளே இருந்தது காற்றாக இருந்தால் இப்படிச் சுருங்குமா, நீராவி என்றால்தானே ஆறித் தண்ணீராகும் என்று டீச்சர் கேட்கவில்லை. பிள்ளைகளே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அவர் வாயைத் திறக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வாழ்க்கையிலேயே கஷ்டமான பாடம் அதுதான்.

சோதனை முடிந்ததும் அந்தப் பெண் எழுதிய சீட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். அதிகாரி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, பக்கத்து மேஜைக்காரருக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தார்:

"நீராவி. இது டீச்சர் சொன்னதால் இல்லை."

சீட்டைத் திருப்பிக் கொடுக்க அதிகாரிக்கு மனம் வரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, "பெட்டி இருக்கட்டும் டீச்சர். எல்லா ஸ்கூலுக்கும் மூணு பெட்டியோடயே போகட்டும்" என்றார்.

டீச்சர் தலையாட்டினார். தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கையை மட்டும் நீட்டினார், சீட்டைத் திருப்பி வாங்க.